காலித் திரைக்குள் ஒரு வீடு

ஜனவரி 12

என் பம்பரத்துக்கு,

தாத்தா எழுதுகிறேன். இன்னொரு தடவை படி. தாத்தா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. பேனா என் கையில், மை என் சட்டையில்.

உடம்பு நல்லபடி இருக்கிறது. முட்டி மட்டும் படியைக் கண்டால் முனகும். காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டியவனைப் படியேறச் சொன்னால் கோபம் வராதா? நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? குடை, சாவி, பை எல்லாம் இன்னும் உன்னிடம்தான் இருக்கின்றனவா?

நீ பல் கட்டும் படிப்புக்கு ஊரைவிட்டுப் போன மறுவாரமே முதியோர் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. தோற்றுவிட்டால் அசிங்கம் அல்லவா? டீச்சரம்மா உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள். "தாத்தா, பேனாவை இப்படிக் கழுத்தை நெரிக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது" என்கிறாள். பக்கத்து இருக்கையில் ஒரு இறைச்சிக்கடைக்காரர். அவர் எழுத்தை எழுதுவதில்லை, வெட்டுகிறார்.

பம்பரம், ஊர் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள்! எனக்குத்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. பஸ் நிறுத்தத்தில் ஒரு பச்சைப் பெட்டி உண்டே, நான் தினமும் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்பேனே, அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "அபாயம். தொடாதே." என்னைக் கொல்லாமல் விட்டதற்கு அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

போன் செய்யாதே. போனில் பேசினால் சொல் காற்றோடு போய்விடும், நான் படித்ததும் வீணாகிவிடும். கடிதம் போடு. வீட்டு விலாசம் வேண்டாம், வகுப்பு விலாசத்துக்கே போடு. அங்கேதான் தபால்காரர் ஒழுங்காக வருகிறார்.

வாயில் மிச்சமிருந்த பற்களும் ஆட ஆரம்பித்துவிட்டன. டாக்டர் பல் செட்டு கட்டிக்கொள்ளச் சொன்னார். "என் பேத்தி கையால கட்டினாத்தான் என் வாய்க்குள்ள போகும், அதுவரைக்கும் கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே சீக்கிரம் படித்து முடி.

எழுத்துப் பிழையை டீச்சரம்மா திருத்தினாள். விஷயத்தைப் படிக்கக் கூடாது என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே திருத்தினாள், பாவம்.

கை வலிக்கிறது. சந்தோஷமாக வலிக்கிறது.

உன் தாத்தா


ஜனவரி 21

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து படித்தேன். சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு வகுப்புக்குப் போகவே மறந்துவிட்டேன். நான் சுகம். முட்டிக்குத் தைலம் தடவுங்கள். குடை போய்விட்டது. சாவி போய்த் திரும்பிவந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அறை முழுக்கத் தேடினேன்.

ஒரு விஷயம். கத்தக் கூடாது.

பட்டறையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். பல் செட்டுக்கு முதலில் ரோஸ் நிற மெழுகில்தான் ஈறு செய்வோம். நடுவில் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். போகிற வழியிலேயே எதற்குப் போகிறேன் என்பது போய்விட்டது. ஜன்னலில் ஒரு புறா கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். திரும்பிவந்தால் அறை முழுக்கப் புகை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது முதல் தடவை இல்லை என்று பிரின்சிபாலுக்குத் தெரியும். மே மாதச் செய்முறைத் தேர்வில் ஒரு முழு செட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தனியாகச் செய்துகாட்ட வேண்டும். குறிப்புச் சீட்டு கூடாது. யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. ஒரு வேலை விட்டுப்போனாலும் படிப்பு முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொள் என்றார்.

அவரே ஒரு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். எனக்கு இருப்பதன் பெயர் ஏ.டி.எச்.டி.யாம், கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு. சோம்பேறித்தனம் இல்லையாம், திமிரும் இல்லையாம். டாக்டரம்மாவை அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். என் வயதுக்காரர்களை வைத்து அவர் ஒரு ஆராய்ச்சி செய்கிறார். நானும் சேர்ந்திருக்கிறேன். ஒயர் ஒயராகத் தொங்கும் ஒரு தொப்பியைத் தலையில் மாட்டுவார்கள். மூளை வேலை செய்வதை அது டாக்டரின் கம்ப்யூட்டரில் ஒரு கோடாகக் காட்டும். திரையில் சில படங்கள் வரும். பிறகு திரை காலியாகிவிடும். அந்தக் காலி நேரத்தில் படங்களை மனசுக்குள் பிடித்துவைத்திருக்க வேண்டும். அப்புறம் கேள்வி. "மனசுக்கு ஒரு கை இருக்குன்னு வச்சுக்கோ. வேலை முடியற வரைக்கும் ஒரு விஷயத்தைப் பிடிச்சுட்டிருக்கிற கை" என்றார். மற்றவர்களுக்குக் காலி நேரத்தில் கோடு மேலேயே நிற்கிறது. எனக்கு, ஆள் வெளியே போனதும் விளக்கை அணைத்த மாதிரி இறங்குகிறது.

ஆனால் என்னிடம் ஒரு வழி இருக்கிறது. நம் வீடு. சின்ன வயதில் நீங்கள் கடைக்கு அனுப்பும்போது, வாங்க வேண்டியதையெல்லாம் மனசிலேயே வீட்டுக்குள் அங்கங்கே வைத்துவிட்டுப் போவேன். உப்பு வாசற்படியில், சோப்பு கூடத்தில். கடையில் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அந்த வீட்டில் மட்டும் நான் எதையும் தொலைத்ததில்லை. இப்போது செட்டு வேலையையும் அப்படியே வைத்திருக்கிறேன். வாசற்படியில் பிளாஸ்டர் அச்சு. கூடத்தில் மெழுகு. பின்னறையில் பல் அடுக்குவது. சமையலறையில் வெந்நீரால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறாக இறுகும் பிசினை அழுத்தி வேகவைப்பது. குழாயடியில் மெருகு.

திரை காலியானதும் வீட்டுக்கு ஓடிவிடுகிறேன். கோடு கொஞ்சம் நிற்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை. ஏமாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டால்?

வீட்டை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் பம்பரம்


பிப்ரவரி 4

என் பம்பரத்துக்கு,

சாப்பிட்டேன், தூங்கினேன், தைலம் தடவினேன். நீயும் ஒரு குடை வாங்கிக்கொள்.

உன் கடிதத்தைப் பல நாளாகப் படித்தேன். ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் முதல் எழுத்து கையைவிட்டு நழுவிவிடுகிறது. திரும்பப் போய் அதைப் பிடித்தால் இது ஓடிவிடுகிறது. அந்தத் தொப்பியை என் தலையில் மாட்டினால் கோடு மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். லிஃப்டில்கூட அப்படித்தான். ஆளாளுக்கு ஒரு மாடியைக் கத்துவார்கள். எனக்குக் குழம்பிவிடும். "எல்லா மாடியிலயும் நிறுத்தறேன், எறங்கறவங்க எறங்கிக்குங்க" என்பேன். திட்டிக்கொண்டே இறங்குவார்கள். ஆக, நமக்கு இது வம்சத்திலேயே இருக்கிறது. வெட்கப்படாதே.

பிரின்சிபாலைப் பற்றிக் கவலைப்படாதே. மே மாதம் வரட்டும்.

வீட்டுக்குள் நடப்பதாக எழுதியிருந்தாயே. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ வேறு எங்காவது வைத்துக்கொள்ளக் கூடாதா? ஹாஸ்டல் நல்ல கட்டடம் என்றாயே?

இறைச்சிக்கடைக்காரர் தன் கடைப் பலகையை முதன்முதலாகத் தானே படித்துப் பார்த்திருக்கிறார். அவர் பெயரையே தப்பாக எழுதிவைத்திருக்கிறார்களாம். வகுப்பில் ஒரே சிரிப்பு.

கை ஓய்ந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தாத்தா


பிப்ரவரி 18

அன்புள்ள தாத்தாவுக்கு,

சுகமா? இங்கே இருமல் வந்து போய்விட்டது. புதுக் குடை வாங்கினேன், கடையிலேயே விட்டுவிட்டேன்.

ஹாஸ்டலில் வைத்துப் பார்த்தேன். ஹாஸ்டலில் வைக்கிற பொருள் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. காணாமல் போகிறது.

தாத்தா, போன தடவை தொப்பியோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்று நடந்தது. திரை காலியானது. வாசற்படியில் ஏறினேன், கூடத்துக்கு வந்தேன், பின்னறைக்குத் திரும்பினேன். கதவு மூடியிருந்தது. குறுக்காக இரண்டு பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஆணித் தலை சுட்டது, அப்போதுதான் அடித்த மாதிரி.

நான் இட்டுக்கட்டவில்லை. ஆணி அடிக்கிற அளவுக்கு என் கற்பனைக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்கே தெரியும். பல் அடுக்குகிற வேலை முழுக்க அந்த அறையில்தான் இருக்கிறது. இன்று பட்டறையில் மெழுகு வரைக்கும் வந்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றேன். கோடும் இறங்கிவிட்டது.

வீட்டில் ஏதாவது பழுதுபார்க்கிறீர்களா?

உங்கள் பம்பரம்


மார்ச் 5

என் பம்பரத்துக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. பேனா சரியில்லை.

பின்னறைக் கதவு எப்போதுமே இறுகும். மரம் ஊதிக்கொள்ளும். தோளால் ஒரு இடி கொடு, திறந்துவிடும்.

அது எந்தக் கிழமை? சும்மாதான் கேட்கிறேன்.

வகுப்பில் எல்லோரையும் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் லிஃப்டைப் பற்றி எழுதினேன். டீச்சரம்மா அதையும் பிழை திருத்திக் கொடுத்தாள். நல்ல பிள்ளை.

இருமல் திரும்ப வந்தால் வெந்நீர் குடி.

உன் தாத்தா


மார்ச் 14

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கிழமை கேட்டிருந்தீர்கள். எனக்கு எங்கே கிழமை ஞாபகமிருக்கும்? ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்.

நேற்று மறுபடியும் போனேன். தோளால் இடித்தும் பின்னறை திறக்கவில்லை. சரி, அடுத்த வேலையையாவது பிடித்துக்கொள்வோம் என்று சமையலறைக்குப் போனேன். உள்ளே வெளிச்சம். அவ்வளவு வெளிச்சம் அங்கே எப்போது இருந்தது? நிமிர்ந்து பார்த்தால் கூரை இல்லை, வானம். கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். சுவர்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. என்னையே பார்த்தான். "யாரும்மா அது? உள்ள ஆள் இருக்கா?" என்றான். பிறகு பின்பக்கம் திரும்பி, "டேய், நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா!" என்று கத்தினான். நான் பதறிப் பாத்திரத்தைப் போட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். திரையில் கேள்வி வந்து நின்றது. ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

தொப்பியைக் கழற்றிய நர்ஸ் என் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "பட்டறையிலேர்ந்து நேரா வந்துட்டியா? தலை பூரா தூளு" என்றார். தாத்தா, பிளாஸ்டர் தூள் வெள்ளையாக இருக்கும். இது செங்கல் நிறம்.

உடனே எழுதுங்கள்.

பம்பரம்


மார்ச் 30

தாத்தாவுக்கு,

பதில் இல்லை. எழுதப் பிடிக்கவில்லை என்றால் ஒரு கோடு மட்டும் போட்டு அனுப்புங்கள், சுகமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூடமும் இல்லை. வாசற்படி மட்டும்தான் இருக்கிறது. அதன்மேல் நின்றால் முன்னால் வெறும் தரை. பட்டறையில் பிளாஸ்டர் ஊற்றுகிறேன், அதோடு சரி. பிரின்சிபால் இன்று என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அம்மா போன பிறகு எனக்கு இருந்தது நீங்களும் அந்த வீடும்தான். இரண்டில் எது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

பம்பரம்


ஏப்ரல் 7

என் பம்பரத்துக்கு,

நான் இருக்கிறேன். முதலில் அதைப் படித்துக்கொள். நான் இருக்கிறேன், சுகமாக இருக்கிறேன்.

வீடு இல்லை.

வீட்டுக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டார். அவருடைய இடம், கேட்டார். நீ கிளம்பிய கொஞ்ச நாளில் சொன்னார். உன்னிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய், படிப்பை அங்கேயே எங்காவது வைத்து மறந்துவிட்டு. அதனால்தான் வகுப்பு விலாசம் கொடுத்தேன். தபால்காரரை அநியாயமாக இழுத்துவிட்டேன்.

இடித்த நாளெல்லாம் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். யாரும் உள்ளே போய்விடாமல் பின்னறைக்குப் பலகை அடித்தார்களே, அது செவ்வாய்க்கிழமை. உன் கடிதத்தில் நான் ஒவ்வொரு எழுத்தாகத்தானே படிப்பேன்? 'ஆ' வந்தது, 'ணி' வந்தது. இரண்டையும் சேர்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அதற்குமேல் உனக்கு என்ன எழுதுவது? மரம் ஊதும் என்று எழுதினேன்.

முகத்தில் துணி கட்டிய ஆளை எனக்கும் தெரியும். சமையலறைக் கூரையைப் பிரித்த அன்று அவன் சுவரிலிருந்து குதித்து ஓடிவந்தான். "பெரியவரே, வீடு காலின்னுதானே சொன்னீங்க? உள்ள ஒரு பொண்ணு கொதிக்கிற பாத்திரத்தோட நிக்குது! மேல ஓடு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றான். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. "வெயில் இவன் மண்டையில ஏறிடுச்சு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அன்றைக்கே வேலையைவிட்டுப் போனான்.

எல்லோரும் வெளியே வந்த பிறகு நான் உள்ளே போனேன். தரையில் தண்ணீர் கொட்டியிருந்தது. தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அதன்மேல் பாலாடை மாதிரி ஏதோ உறைந்திருந்தது. விரலில் வழித்து எடுத்தேன். மெழுகு. ரோஸ் நிறம்.

பயமாகத்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. என் பேத்தி வீட்டுக்கு வந்துபோயிருக்கிறாள், இதற்கு யாராவது பயப்படுவார்களா?

இப்போது எனக்கு எழுதத் தெரியும் அல்லவா? ஆகவே நான் இருக்கிற இடத்தை எழுதுகிறேன். நீ மெதுவாகப் படி. படித்துக்கொண்டே உள்ளே வா.

ஒரு விடுதி. மாடியில் கடைசி அறை. கதவு காப்பி நிறம். கைப்பிடி தொங்கும், அதைக் கொஞ்சம் மேலே தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். நுழைந்ததும் வலக்கைப் பக்கம் கை கழுவும் தொட்டி. குழாய் சொட்டும், சத்தம் கேட்காமலிருக்க அதில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்து மேஜை. எனக்கு முன்னால் இருந்த யாரோ சூடான பாத்திரத்தை வைத்து, வட்டமாகக் கருகிப்போயிருக்கிறது. பிறகு என் இரும்புக் கட்டில், கருநீலப் போர்வை. கட்டிலின் தலைமாட்டில் சுவரலமாரி, மின்சார அடுப்பு அதில்தான். கடைசியில் ஜன்னல். ஒரு கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறது. வெளிச்சம் மற்ற கண்ணாடிகளின் வழியாக வரும். தாராளமாகவே வரும்.

எங்கே எதை வைக்க வேண்டுமோ வைத்துக்கொள். நான் ஒன்றையும் நகர்த்தமாட்டேன். செருப்பைக்கூட ஒரே இடத்தில் விடுகிறேன்.

இதைவிட நீளமாக நான் எழுதியதில்லை. என்மேல் கோபப்படு, ஆனால் உள்ளே வா.

உன் தாத்தா


ஏப்ரல் 19

தாத்தாவுக்கு,

நீங்கள் இருக்கிறீர்கள். அது போதும். தைலம் இருக்கிறதா?

கோபம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். பாதியில் எதற்குக் கையில் எடுத்தேன் என்பதை மறந்து, மறுபடியும் படித்துவிட்டேன். அதில் பாதிக் கோபம் போயிற்று. மிச்சக் கோபத்தை நேரில் வந்து காட்டுகிறேன்.

திரை காலியானதும் முதல் தடவை கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நம் வீடு மாதிரி வாசமே இல்லை. அடுத்த தடவை கைப்பிடியைத் தூக்கித் தள்ளினேன். திறந்தது. நீங்கள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். எழுப்பவில்லை. தொட்டியில் பிளாஸ்டரை வைத்தேன், கருகிய வட்டத்தின்மேல் மெழுகை, உங்கள் கால்மாட்டில் பற்களை, அடுப்பில் வெந்நீரை, ஜன்னலோரம் மெருகை.

கோடு நின்றது, தாத்தா. கடைசிவரை நின்றது. டாக்டரம்மா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலி நேரத்துல நீ என்னதான் பண்றே?" என்றார். சொல்லிவிட்டேன். தாத்தாவின் அறைக்குப் போய்வருகிறேன் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்படி ஞாபகம் வச்சுக்கறது ஏமாத்து வேலை இல்லம்மா, நிறைய பேர் பண்றதுதான். அந்த ரூமை நல்லாப் பாத்திருக்கியா?" என்றார். பார்த்ததே இல்லை என்றேன். அவர் ஏதோ எழுத ஆரம்பித்து, எழுதாமல் பேனாவை மூடினார்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கட்டிலுக்கு அடியில் நீல மூடி போட்ட தகர டப்பா. இருட்டில் காலை இடித்துக்கொண்டேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அதை மட்டும் உள்ளே தள்ளி வையுங்கள்.

தேர்வு மே 6. காலையிலிருந்து சாயங்காலம் வரை. அன்றைக்கு மட்டும் அறை அப்படியே இருக்கட்டும்.

உங்கள் பம்பரம்


மே 7

அன்புள்ள தாத்தாவுக்கு,

செய்துவிட்டேன்! ஒரு வேலைகூட விட்டுப்போகவில்லை. தேர்வாளர் செட்டை விளக்கின் அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரின்சிபால் என் முன்னால் வந்து, "அடுத்த வருஷமும் இங்கதான் இருக்கப்போற, அடுப்பை அணைச்சியா?" என்றார். அணைத்திருந்தேன், தாத்தா!

ஒரே ஒரு தடவை பிடி நழுவப் பார்த்தது. வெந்நீரைத் தூக்கியிருந்தேன். மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அப்போது அறைக் கதவு திறந்தது. சுண்ணாம்பு வாசம். யாரோ ஒரு ஆள் தலையை நீட்டினார். எல்லாம் கையைவிட்டுப் போகிறது என்று நினைத்தேன், நம் சமையலறையில் ஆனது மாதிரியே. ஆனால் அவர் கத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

யார் அது? அப்போது நீங்கள் ஏன் கட்டிலில் இல்லை?

அடுத்த மாதம் உங்கள் வாயை அளவெடுக்க வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஈறை.

உங்கள் பம்பரம்


மே 13

என் பம்பரத்துக்கு,

நல்ல சுகம். இந்த ஊரில் என்னைவிடச் சுகமான ஆள் கிடையாது. உன் கடிதத்தை வகுப்பில் எழுந்து நின்று நானே படித்தேன். முதல் பாதியை மட்டும். இறைச்சிக்கடைக்காரர் விசிலடித்தார்.

நீ கேட்டதைச் சொல்கிறேன்.

மே 6 அன்று காலையிலேயே நாற்காலியை எடுத்து நடைபாதையில் போட்டேன், கதவுக்கு முதுகைக் காட்டி. நான் உள்ளே இருந்தால் இருமுவேன், தும்முவேன், உனக்குத் தொந்தரவு. வந்தார் விடுதி மேனேஜர். பின்னால் பெயிண்டர், ஏணி, சுண்ணாம்பு வாளி.

"பெரியவரே, எந்திரிங்க. இன்னிக்கு உங்க ரூமுக்கு வெள்ளையடிக்கறோம்."

"இன்னிக்கு முடியாது."

"நாளைக்கு இவனுக்கு வேற எடத்துல வேலை."

"அப்ப என் ரூமு அழுக்காவே இருந்துட்டுப் போகட்டும்."

"என்ன பெரியவரே, அவனவன் வெள்ளையடிச்சுக் குடுங்கன்னு என் உயிரை எடுக்கறான், நீங்க வேண்டாம்ங்கறீங்க?"

"என் பேத்திக்கு இன்னிக்குப் பரீட்சை."

"பேத்திக்குப் பரீட்சைன்னா பேத்தி எழுதட்டும். சுவரு என்ன பண்ணிச்சு?"

"சுவத்துல பிட்டு எழுதிவச்சிருக்காரோ என்னமோ" என்றான் பெயிண்டர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தூக்கினால் நாற்காலியோடுதான் தூக்க வேண்டும். மேனேஜர் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல் கையை நீட்டி, கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் தள்ளினார். தலையை உள்ளே விட்டார்.

என் தோளருகே வந்த அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே மெல்ல அடங்கியது. தலையை வெளியே எடுத்தார். நோயாளி தூங்கும் அறைக் கதவைச் சாத்துவது போல, சத்தமே வராமல் சாத்தினார்.

"பேத்தி வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியவரே" என்றார். கிசுகிசுத்தார் என்றே சொல்ல வேண்டும். "வாப்பா, அடுத்த ரூமு."

"யாருண்ணே உள்ள?"

"பேசாம வா. அந்தப் பொண்ணு கையில சூடா என்னமோ வச்சிருக்கு."

போய்விட்டார்கள். மறுநாள் மேனேஜர் என்னிடம், "பேத்தி எப்ப கிளம்பிச்சு? கீழதானே இருந்தேன், எறங்கறதைப் பாக்கவே இல்லியே" என்றார். "அவ எப்பவும் அப்படித்தான், சொல்லாம ஓடிடுவா" என்றேன். நம்பினாரா தெரியவில்லை. படியில் என்னைக் கண்டால் இப்போதெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறார்.

கட்டிலில் நான் ஏன் இல்லை என்று கேட்டாய். அன்றைக்கு முழுக்க அந்த நாற்காலியில்தான் இருந்தேன். டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஜன்னல் பக்கமிருந்து தேய்க்கிற சத்தம். நடுநடுவே நீ வேலை செய்யும்போது மூக்கால் ஒரு பாட்டு முனகுவாயே, அதுவும். நீ போய் எத்தனை மாதம் ஆயிற்று, பம்பரம். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால் போதும், உன்னைப் பார்த்திருப்பேன்.

ஆனால் நீயும் என்னைப் பார்த்திருப்பாய். "தாத்தா!" என்று கத்தியிருப்பாய். கையில் பிடித்திருந்ததெல்லாம் போயிருக்கும்.

அதனால் நான் திரும்பவே இல்லை.

உன் தாத்தா